ரிப்பரின் பின்னால், வில்லியனூரிலிருந்து பாகூருக்கு

வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு வழியாக வடக்கே போனால் ஊசுட்டேரி வரை மண் ஒரே நிறம்தான். நெல்லும் கரும்பும் விளைகிற சாம்பல் வண்டல். ஏரியைக் கடந்து தொண்டமாநத்தம் பக்கம் ஏறும்போது சாலையோரப் பள்ளங்களில் சிவப்பு தெரியத் தொடங்கும். பிள்ளையார்குப்பம், சேதராப்பட்டு, கரசூர் என்று போகப்போக நிலம் மேடேறும். புல் குறையும். பனையும் முந்திரியும் தள்ளித்தள்ளி நிற்கும். சித்திரை வெயிலில் அந்த மண்ணில் மண்வெட்டியைப் போட்டால் மண் அப்படியே இருக்கும், கைதான் வலிக்கும்.

எனக்கு முன்னால் ஒரு டிரெய்லர் போய்க்கொண்டிருந்தது. அதன் மேல் 20 டன் பொக்லைன் ஒன்று கையை மடக்கி உட்கார்ந்திருந்தது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் இந்தப் பக்கத்தில் அது பொக்லைன்தான், இல்லாவிட்டால் இட்டாச்சி. பக்கெட்டுக்குப் பின்னால் சங்கிலி போட்டுக் கட்டியிருந்ததுதான் நான் பார்க்க வந்த பொருள். கீழ்நோக்கி வளைந்த கனத்த இரும்புப் பட்டை, அதன் நுனியில் ஒரே ஒரு பல். ரிப்பர்.

இந்த இரும்பின் பின்னால் ஊர் ஊராகப் போகலாம் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் அங்கேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதற்கு முன் 2011 டிசம்பர் 30 அன்று வந்த தானே புயலின் காற்று மணிக்கு 140 கிலோமீட்டர் வரை வீசி, கடலூர், புதுச்சேரி இரண்டு பக்கத்துத் தோப்புகளையும் சாய்த்திருந்தது. மரம் விழுந்ததைப் பத்திரிகைகள் எழுதின. விழுந்த மரத்தை அறுத்து லாரியில் ஏற்றியதையும் எழுதின. அடிக்கட்டை என்ன ஆனது என்று எழுதியவர்கள் குறைவு. மரம் போன பிறகு நிலத்துக்காரர் கையில் மிஞ்சுவது அந்தக் கட்டைதான். அது கிடக்கிற வரை உழவு ஓட்ட முடியாது, கன்று வைக்க முடியாது, வேலி போட முடியாது.

கரசூர் பக்கத்துக் கொல்லை ஒன்றில் டிரெய்லர் நின்றது. நிலத்துக்காரர் மாங்கன்று வைக்கக் குழி எடுக்கச் சொல்லியிருந்தார். ஏற்கெனவே ஒரு ஜேசிபி வந்து பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. அது கீறிய இடத்தில் நாலைந்து பற்களின் தடம் மட்டும் சிவப்புப் பரப்பின் மேல் பளபளவென்று கிடந்தது. அந்தப் பரப்பு சரளை இறுகிய செம்பாறை. வெயில் படப்பட இறுகுவது அதன் குணம். மேலே இரண்டு மூன்று அடிக்குக் கல்லாக இருக்கும். அதை உடைத்துவிட்டால் அடியில் மஞ்சளும் வெள்ளையும் கலந்த களி மிருதுவாகவே வரும். அந்த மேலோட்டைத் தாண்டுவதுதான் பாடு.

"பக்கெட்ட வச்சி இழுத்தா வண்டிதான் சார் மேல எழும்பும். மண்ணு எழும்பாது" என்றார் டிரைவர் தம்பி. திண்டிவனம் பக்கத்துக்காரர். சொல்லிவிட்டு பக்கெட்டைத் தரையில் மட்டமாக இறக்கி வைத்தார். ஹெல்ப்பர் பையன் போல்ட்டைக் கழற்றி, கையின் நுனியில் இருந்த பின்னைச் சம்மட்டியால் தட்டத் தொடங்கினான். கிரீஸ் பூசிய அந்தப் பின் என் முன்கை நீளம் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் விரற்கடை அளவு வெளியே வந்தது. இரண்டாவது பின்னும் வந்ததும் பக்கெட் தனியாகக் கழன்று நின்றது. ரிப்பரின் கண்ணுக்கு நேராகக் கையைக் கொண்டுவருவதில்தான் வித்தை இருக்கிறது. பையன் ஓட்டை வழியாகப் பார்த்தபடி விரலால் சைகை காட்ட, தம்பி லீவரை மயிரிழை மயிரிழையாக அசைத்தார். இரும்பும் இரும்பும் நேர்கோட்டில் வந்த நொடியில் பின் உள்ளே போனது.

ரிப்பரில் மந்திரம் எதுவும் இல்லை. 20 டன் வண்டி பக்கெட்டைச் சுருட்டும்போது பற்களுக்கு வரும் விசை 13, 14 டன். பக்கெட்டில் ஐந்து பல் இருந்தால் அது ஐந்தாகப் பிரிந்துவிடும், ஒரு பல்லுக்கு 3 டன்கூட வராது. ரிப்பரில் அத்தனையும் ஒரே முனையில் இறங்கும். சீப்பால் குத்துவதற்கும் ஊசியால் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான். முனை உள்ளே இறங்கியதும் வளைந்த பட்டை பாறையை அடியிலிருந்து மேல்நோக்கி நெம்புகிறது. அழுத்தினால் தாங்குகிற பாறை இழுத்தால் தாங்காது. வெடிப்பு விடுகிறது.

அன்று தம்பி செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். கொல்லையின் நடுவில் அவர் தொடங்கவில்லை. பழைய ஓடைக்கரை ஓரத்தில், பாறை விலகிக்கொள்ள ஒரு பக்கம் திறந்திருந்த இடத்தில் தொடங்கினார். பல்லைக் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்தி அழுத்தினார். எஞ்சின் சத்தம் கனத்தது. உடனே விசையை விட்டு, ஓரடி பின்வாங்கி, மறுபடி வைத்தார். "சத்தம் எறங்குச்சின்னா பிடிவாதம் பிடிக்கக் கூடாது" என்றார். மூன்றாவது முறை பாறை விட்டுக்கொடுத்தது. பெரிய ஓசை எதுவும் எழவில்லை. பல்லின் முன்னால் பரப்பு மெல்ல மேலெழுந்து, அதன் மேல் கிடந்த சருகுகள் சரிந்தன. அப்புறம்தான் வெடிப்பு தெரிந்தது. ஒரு முழ இடைவெளியில் கோடு கோடாகக் கீறிவிட்டு, குறுக்கிலும் கீறிவிட்டு, பக்கெட்டை மாட்டி அள்ளினால் குழி தயார்.

பல் மண்ணுக்குள் இருக்கும்போது பக்கவாட்டில் திருப்பக் கூடாது என்பது இதில் மீறக் கூடாத விதி. வண்டியின் கை தன்னை நோக்கி இழுக்கும் வேலைக்குச் செய்யப்பட்டது. பல்லைப் புதைத்து வைத்துக்கொண்டு மேல்பாகத்தைச் சுழற்றினால் பின் வளையும், புஷ் தேயும், கையே முறுக்கிக்கொள்ளும். அவசரக்கார டிரைவர்கள் வண்டியைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

ரிப்பருக்குப் பதில், உளியால் குத்தி உடைக்கிற பிரேக்கர் போட்டால் என்ன என்று கேட்டேன். கருங்கல்லுக்கும் கான்கிரீட்டுக்கும் பிரேக்கர் சரி. ஓட்டை நிறைந்த செம்பாறை அடியை வாங்கிக்கொள்ளும், ஆனால் பிளக்காது. உளி குத்திய இடத்தில் குழி விழுந்து அதோடு நின்றுவிடும். பக்கத்தில் வீடு இருந்தால் சுவரும் அதிரும்.

கெட்டி நிலத்தை இழுத்துக் கிழிக்கிற யோசனை பழையது. அமெரிக்காவில் 1930களில் ஹூவர் அணைப் பணிக்காக லெட்டூர்னோ என்ற பொறியாளர் டிராக்டரால் இழுக்கும் ரிப்பர்களைச் செய்தார். நமக்குப் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. நெய்வேலியில் 1957-இல் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் பழுப்பு நிலக்கரி கைக்கு வந்தது. நடுவில் இருந்த நான்கு வருடமும், அதற்குப் பின் வந்த வருடங்களும் நிலக்கரியின் மேல் கிடந்த மணற்பாறையோடு நடந்த போராட்டம். ஜெர்மனியிலிருந்து வந்த சக்கர இயந்திரங்களின் பற்களை அந்தப் பாறை தேய்த்துத் தீர்த்தது. வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் இயந்திரம் வெட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. புவியியலாளர்கள் அந்தப் பாறைக்குக் கடலூர் மணற்பாறை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். புதுச்சேரியின் மேற்கிலும் வடமேற்கிலும் உள்ள செம்மண் மேடும் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான். தம்பி தன் ரிப்பரின் நுனியைக் காட்டினார். கூராக இருக்க வேண்டிய பல் மொண்ணையாகியிருந்தது. நுனியை மட்டும் கழற்றி மாற்றிக்கொள்ளலாம். வண்டல் நாட்டில் மாதக்கணக்கில் வருகிற நுனி, இந்த மேட்டில் சீக்கிரமே போய்விடுகிறது என்றார்.

அதே மணற்பாறை வேறென்ன செய்யும் என்பதைப் பார்க்க, மதியத்துக்கு மேல் மயிலம் சாலையைப் பிடித்துத் திருவக்கரை போனேன். அது தமிழ்நாடு, வானூர் வட்டம். புதுச்சேரிக் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று கலந்து கிடக்கிற பகுதி என்பதால் எல்லை எங்கே போனது என்று தெரியாது. திருவக்கரையில் இருப்பது கல்மரப் பூங்கா, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை காத்துவரும் தேசிய நினைவுச்சின்னம். 1781-இலேயே பிரெஞ்சு இயற்கையாளர் சொன்னரா இந்த மரங்களைப் பற்றிக் குறித்திருக்கிறார். சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தைய மரங்கள் மணலில் புதைந்து, அணு அணுவாகக் கல்லாக மாறிக் கிடக்கின்றன. சிலவற்றில் ஆண்டு வளையங்களை விரலால் தடவிப் பார்க்கலாம்.

கட்டை பிடுங்கும் வேலையைப் பார்த்துவிட்டு வந்த கண்ணுக்கு அங்கே ஒரு விஷயம் பளிச்சென்று பட்டது. அடிமரங்கள் எல்லாம் படுத்துக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, அடிக்கட்டை இல்லை. இந்த மரங்கள் இங்கே வளர்ந்தவை அல்ல, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து போட்டவை என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தது அதை வைத்துத்தான். மரம் எங்கே நின்றது என்பதற்குச் சாட்சி வேர். அது இல்லாவிட்டால் மரம் ஊர் பேர் இல்லாததாகிவிடுகிறது. செம்மண் மேட்டில் வேலை செய்கிறவர்கள் பல்லில் வழவழப்பான, ரேகை ஓடிய கல் மாட்டினால் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. தம்பியிடமும் சொன்னேன். அவர் திருவக்கரை வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போகிறவர், கல்மரத்தையும் பார்த்திருக்கிறார். "தெரியும் சார். அத ஒடைக்க மாட்டேன்" என்றார்.

அடுத்த நாள் டிரெய்லர் தெற்கே திரும்பியது. வில்லியனூருக்கு வந்து, சங்கராபரணி ஆற்றைத் தாண்டி, மங்கலம் சாலையில் போய்க் கரிக்கலாம்பாக்கம் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில் நின்றது. நிலம் இங்கே மாறிவிட்டது. சிவப்பு இல்லை, கல் இல்லை. கெட்டியாக இருப்பது கட்டை மட்டும்தான்.

தோப்புக்காரம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். புயலில் சாய்ந்த தென்னைகளை அறுத்து விற்றுவிட்டார். கட்டைகள் நின்றன. மக்கித் தானே போகாதா, இதற்கு வண்டி வாடகை வேறு எதற்கு என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஒரு கட்டையின் பக்கத்தில் குந்தி, மக்கிய நாரைக் கையால் பிய்த்தார். உள்ளே விரல் தடிமனில் வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது. இரண்டாவது கைப்பிடியில் இன்னொன்று. காண்டாமிருக வண்டின் புழு. மக்கிய தென்னங்கட்டையும் எருக்குழியும்தான் அது வளரும் இடம். வண்டாகி வெளியே வந்தால் நிற்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். "இத விட்டு வச்சா நிக்கிறதும் போயிடும்ங்க" என்றார்.

இன்னொரு காரணமும் உண்டு. தென்னையின் தஞ்சாவூர் வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சை வேர் வழியாகப் பரவுவது. செத்த மரத்தைத் தூரோடும் வேரோடும் எடுத்து எரிக்க வேண்டும், சுற்றிலும் வாய்க்கால் வெட்டி மற்ற மரங்களைப் பிரித்துவைக்க வேண்டும் என்று வேளாண் துறையினர் பல காலமாகச் சொல்லிவருகிறார்கள். வேர்களை அறுத்தபடி அந்த வாய்க்காலை வெட்டுவதற்கும் ஒற்றைப் பல் தோதானது.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. தூரிலிருந்து ஆயிரக்கணக்கில் சல்லிவேர்கள் கிளம்பும். வளர்ந்த மரத்துக்கு 4,000 முதல் 7,000 வரை என்று கணக்கு. பெரும்பாலானவை இரண்டு மீட்டர் வட்டத்துக்குள்ளேயே இருக்கும். அதனால் கட்டையைச் சுற்றி நான்கு பக்கமும் பல்லை இறக்கி இழுத்துவிட்டு, அடியில் நுழைத்துச் சுருட்டினால் மொத்தமாக மேலே வந்துவிடும். அந்தத் தோப்பில் இரண்டு வகைக் கட்டை நின்றன. வியாபாரி ஒருவர் மரத்தைத் தரையோடு தரையாக அறுத்திருந்தார், ஒரு சாண்கூட வீணாகக் கூடாது என்று. இன்னொரு வரிசையில் இடுப்பளவு விட்டு அறுத்திருந்தார்கள். இடுப்பளவு நின்றவற்றில் வண்டிக்கு வேலையே இல்லை. பக்கவேரை அறுத்ததும் தம்பி பல்லின் முதுகால் கட்டையின் தலையைத் தள்ளினார். நெம்புகோலுக்கு நீளம் இருந்ததால் தூர் தானாகப் பெயர்ந்தது. தரையோடு அறுத்தவற்றுக்குப் பிடி கிடைக்கவில்லை. சுற்றிலும் தோண்டித்தோண்டி, ஒரு கட்டைக்கு மூன்று கட்டையின் நேரம் போனது. ஒரு முழம் மரத்தை விற்ற காசு வண்டி வாடகையில் போய்விட்டது. மரம் அறுக்கிறவர்களுக்கும் கட்டை எடுக்கிறவர்களுக்கும் முன்கூட்டியே பேச்சு இருந்தால் இது நடக்காது. புயல் நிவாரண வேலைகளிலும் இதை ஒரு விதியாகவே சொல்லிவிடலாம்.

எடுத்த தூரை தம்பி அப்படியே ஓரமாகப் போட்டுவிடவில்லை. பல்லில் மாட்டியபடி உயர்த்தி, இரண்டு மூன்று முறை உதறினார். மண் பொலபொலவென்று அதே குழியில் விழுந்தது. பக்கெட்டால் எடுத்தால் வண்டிப்பாரம் மண்ணும் கூடவே வந்துவிடும். நிலத்தில் கிணறு அளவுக்குப் பள்ளம் கிடக்கும், அதை மூட வேறு மண் அடிக்க வேண்டும். ரிப்பரை நான் மெச்சுவது அதன் பலத்துக்காக அல்ல, அது எடுக்காமல் விடுகிற மண்ணுக்காகத்தான்.

தோப்பின் மூலையில், வீட்டுச் சுவருக்கு ஆறடி தள்ளி, ஒரு புளியமரத்தின் கட்டை இருந்தது. அதுதான் அன்றைக்கு நேரம் எடுத்த வேலை. புளியின் பக்கவேர் ஒன்று என் தொடை தடிமனில் சுவரை நோக்கி ஓடியிருந்தது. கட்டையை நேராகப் பிடித்து இழுத்திருந்தால் அந்த வேர் அஸ்திவாரத்தையும் இழுத்திருக்கும். தம்பி இறங்கிவந்து, கடப்பாரையால் குத்திக்குத்தி அந்த வேர் போகும் திசையைக் கண்டுபிடித்து, அதன் மேல் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். பிறகு வண்டியில் ஏறி, சுவருக்கும் கட்டைக்கும் நடுவில் பல்லைச் செங்குத்தாக இறக்கினார். வேர் அறுந்தபோது வந்த சத்தத்தில் திண்ணையில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. அறுந்த முனை செம்பழுப்பாக, ஈரமாக இருந்தது. மற்ற மூன்று பக்க வேர்களையும் அறுத்த பின், ஆணிவேருக்கு அடியில் பல்லைக் கொடுத்து, கொஞ்சம் நெம்பி, விட்டு, மறுபக்கம் வந்து நெம்பி, பொழுது சாயும் நேரத்தில் கட்டையை மேலே கொண்டுவந்தார். சுவரில் கீறல் இல்லை. தோப்புக்காரம்மா சுவரைச் சுற்றி வந்து தடவிப் பார்த்துவிட்டு, தம்பிக்குப் பேட்டாவுக்கு மேல் இரண்டு இளநீரும் வெட்டிக் கொடுத்தார்.

மறுநாள் பாகூர். புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று இதைச் சொல்வார்கள். சொர்ணாவூர் அணைக்கட்டில் தென்பெண்ணையிலிருந்து பிரியும் பங்காரு வாய்க்கால்தான் பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு சகோதரிகள் தங்கள் சொத்தைக் கொடுத்து வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்கிறார்கள். ஃபெஞ்சலின்போது சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் கன அடிக்கும் மேல் திறந்துவிட்டார்கள். அந்தத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, சோரியாங்குப்பம், குருவிநத்தம் பக்கத்து வயல்களையும் வீடுகளையும் மூழ்கடித்தது. வெள்ளம் வடிந்த இடங்களில் மணல் ஏறிக் கிடந்ததையும் கரைகளில் வேர் தெரிய மரங்கள் சாய்ந்து நின்றதையும் அப்போதே வந்து பார்த்திருக்கிறேன்.

நாங்கள் போனது சின்ன ஏரி ஒன்றின் கரைக்கு. புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய சீரமைப்புத் திட்டத்தில் அவற்றைத் தூர் வாரி, பாசனக்காரர்களைச் சங்கமாகச் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு சங்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எங்களுக்காகக் கரையில் காத்திருந்தார். தோளில் துண்டு, கையில் ஒரு வேப்பங்குச்சி. அந்தக் குச்சியால் சுட்டிக்காட்டி, எதை எடுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே நடந்தார்.

எடுக்க வேண்டியது ஏரியின் உள்வாயில் மண்டியிருந்த சீமைக் கருவேலம். தமிழ்நாட்டில் இதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். 2022-இல் அந்நியத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே தமிழ்நாடு அரசு கொள்கை ஒன்றை வெளியிட்டது. ஆனாலும் பல இடங்களில் தரைமட்டத்தில் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று போய்விடுகிறார்கள். இந்த மரத்தின் மொட்டுகள் தரைக்குக் கீழே, தண்டும் வேரும் சேரும் இடத்தில் இருக்கின்றன. மேலே வெட்டினால் ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். ஓரடி ஆழத்திலாவது அந்தக் கழுத்தை எடுத்தாக வேண்டும். ரிப்பரின் பல் அந்த ஆழத்தில் போய் மாட்டிச் சுருட்டும்போது கட்டை கழுத்தோடு வந்துவிடுகிறது. ஆனால் அதோடு முடியவில்லை. விதை மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணியில் விதைத்துவிட்டுப் போகும். முதல் மழைக்கு முளைக்கும் கன்றுகளைக் கையால் பிடுங்க ஆள் விட வேண்டும். பெரியவர் அதற்கு நூறு நாள் வேலைக்கு வரும் பெண்களிடம் முன்பே பேசிவைத்திருந்தார்.

தொடக் கூடாதது கரையில் நின்ற பனை. புயலுக்கு ஒன்றுகூட அசையவில்லை. அதன் சல்லிவேர் கரை மண்ணைக் கட்டிப்பிடித்திருக்கிறது.

வாக்குவாதம் வந்தது மூன்றாவதன் மேல். மதகுக்குப் பத்தடி தள்ளி, கரையின் மேலேயே, ஃபெஞ்சலில் பாதி சாய்ந்து அறுபட்ட பெரிய வேப்பங்கட்டை ஒன்று நின்றது. வந்தது வந்தோம், இதையும் எடுத்துவிடலாம், கால் மணி நேர வேலை என்றார் தம்பி. பெரியவர் தலையை ஆட்டினார். இருவரிடமும் நியாயம் இருந்தது. கட்டையை விட்டால் வேர் மக்கும். மக்கிய வேர் இருந்த இடம் குழாயாகும். ஏரி நிறைந்ததும் தண்ணீர் அந்தக் குழாயைக் கண்டுபிடிக்கும். உள்ளே மண்ணை அரித்துக்கொண்டே போய், ஒரு மழை இரவில் கரை திறந்துவிடும். ஆனால் இன்றைக்கே பிடுங்கிப் போட்டு, பிடுங்கிய மண்ணையே தள்ளி மூடினாலும் அதே ஆபத்துதான். ரிப்பர் இழுக்கும்போது கட்டையைச் சுற்றி பத்தடிக்கு மண் தளர்ந்திருக்கும். பார்வைக்கு மூடியிருக்கும், உள்ளே பொக்கு.

கரையில் கட்டை எடுப்பதற்கு முறை இருக்கிறது. ஏரி வற்றியிருக்க வேண்டும். கட்டையோடு விரல் தடிமனுக்கு மேல் உள்ள வேர்களையும் தேடி எடுக்க வேண்டும். குழியின் ஓரங்களைச் செங்குத்தாக விடாமல் சரிவாக வெட்ட வேண்டும், அப்போதுதான் புது மண் பழைய மண்ணோடு ஒட்டும். நல்ல களிமண்ணை அரையடி அரையடியாகப் போட்டு, ஈரம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கையும் இடித்துக் கெட்டிக்க வேண்டும். கரைக்குக் கெட்டிதான் உயிர். கரசூரில் காசு கொடுத்து உடைத்த கெட்டியை இங்கே காசு கொடுத்து உண்டாக்க வேண்டியிருக்கிறது.

வயலிலும் இதே கதைதான். கரையிலிருந்து இறங்கிய வரப்பில் நடந்தபோது, ரிப்பரால் வயலையும் கீறிவிடலாமா என்று பெரியவரின் மகன் கேட்டார். அடுத்த பட்டத்தில் கரும்பு வைக்கும் எண்ணம் அவருக்கு. காலங்காலமாகச் சேறடித்து உழுத நெல்வயலில், கலப்பை எட்டும் ஆழத்துக்குக் கீழே ஓர் இறுகிய அடுக்கு உண்டாகும். நெல்லுக்கு அது நல்லது, தண்ணீரை இறங்காமல் தாங்கும். கரும்பு வேருக்கு அது சுவர். உடைப்பதென்றால் இந்த 20 டன் வண்டியைச் சேற்று நிலத்தில் ஏற்றிச் செய்ய வேண்டிய வேலை அல்ல. அதன் பாரமே இன்னொரு இறுக்கத்தை உண்டாக்கிவிடும். அதற்கு டிராக்டர் இழுக்கும் உளிக்கலப்பை இருக்கிறது, ரிப்பரின் தம்பி முறை. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும் பிறகு குறுக்கிலும் ஓட்ட வேண்டும், மூன்று வருடத்துக்கு ஒரு முறை போதும், ஹெக்டேருக்கு பன்னிரண்டரை டன் தொழு உரம் போட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் அடுக்கு நொறுங்கும். ஈரத்தில் ஓட்டினால் கத்தி போன தடம் மட்டும் இருக்கும். மறுபடி நெல்லுக்கே திரும்பும் எண்ணம் இருந்தால் தொடாமல் விடுவதே மேல் என்று நான் சொன்னேன். அவர் யோசிப்பதாகச் சொன்னார்.

அந்த வயல்களுக்கு வெகு ஆழத்தில் இன்னொரு மரக்கூட்டம் கிடக்கிறது. நெய்வேலிக்கு நிலக்கரி தந்த அதே காலத்துக் காடு பாகூருக்கு அடியிலும் புதைந்திருக்கிறது. நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்புக் கணக்கில் புதுச்சேரியின் பங்கு சுமார் 41 கோடி டன். திருவக்கரையில் கல்லான மரம் இங்கே கரியாகியிருக்கிறது. இந்த ஏரியும் வாய்க்காலும் நெல்லும் இருக்கிற வரை அதை எடுக்காமலிருப்பதே சரி என்று நினைக்கிறேன். நிலக்கரி ஒரு முறைதான் வரும், நெல் வருடா வருடம் வரும்.

கரைக்குத் திரும்பியபோது ஹெல்ப்பர் பையன் ரிப்பரின் பின்னைத் தட்டிக் கழற்றிக்கொண்டிருந்தான். சீமைக் கருவேலக் கட்டைகளை அள்ளி ஏற்ற பக்கெட் மாட்ட வேண்டும். செங்கல் சூளைக்காரர் ஒருவர் லாரியோடு நின்றார். எடைபோட்டு அவர் கொடுக்கும் பணம் வண்டி வாடகையில் ஒரு பங்கைக் கழித்துவிடும். பெரியவர் வேப்பங்கட்டையைச் சுற்றி ஒரு முறை நடந்துவிட்டுத் தம்பியிடம் வந்தார்.

"களிமண்ணு லோடு வந்து கரையில எறங்கட்டும், போன் போடுறேன். அதுவரைக்கும் இது இப்படியே நிக்கட்டும்."

"எப்ப வரும் பெரியவரே? ஆவணி தாண்டிச்சின்னா மழை புடிச்சிக்கும். வண்டி கரைமேல ஏறாது."

"ஆடியிலயே வந்துடும். இடிக்கிறதுக்கு ரோலர் கேட்டு வச்சிருக்கேன். நீ வரும்போது அந்தப் பல்லுக்குப் புது நுனி போட்டுக்கிட்டு வா, இது மொண்ணையா இருக்கு."